முட்டித் தேய்மானத்துக்குப் பயிற்சி: எதை எடுப்பது, எந்த வரிசையில் செய்வது

"தேய்மானம்தான், எக்சசைஸ் பண்ணுங்க" என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் ஃபிசியோ (இயன்முறை மருத்துவர்) இல்லை. என் அம்மா முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அவருடைய இரண்டு முட்டிகளோடும் ஒரு வருடம் மல்லுக்கட்டினோம். ஃபிசியோ காட்டிக்கொடுத்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில் வாரம் இரண்டு மாலை பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். பெரும்பாலும் தோட்டத்தில் இருந்தவர்கள்: மரம் வெட்டியவர்கள், செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கியவர்கள். புதிதாக வருகிறவர்கள் செய்கிற பயிற்சி அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். வரிசைதான் கோணலாக இருக்கும்.

1. முதலில், பயிற்சியைத் தொடக்கூடாத முட்டியா என்று பாருங்கள்

முட்டி சிவந்து, தொட்டால் கொதித்து, கூடவே காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கிருமித் தொற்றாக இருக்கலாம், கவுட் (யூரிக் அமிலம் சேர்ந்து வரும் மூட்டு வீக்கம்) ஆகவும் இருக்கலாம். இரண்டுமே பயிற்சியால் தீராது, மோசமாகும். விழுந்த பிறகு கால் ஊன்ற முடியவில்லை, முட்டி பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட வரவில்லை, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது என்றாலும் அப்படித்தான். கெண்டைக்கால் வீக்கத்தை மட்டும் "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். ரத்தம் கட்டி அடைத்திருந்தால் அது உயிர்ப் பிரச்சினை.

இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கக் கிளினிக்கில், குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். போகிற போக்கில், ஃபிசியோவைப் பார்க்கக் கடிதம் வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். நம்மவர்கள் மாத்திரையை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறார்கள்.

எக்ஸ்ரே பற்றியும் சொல்லிவிடுகிறேன். "எலும்பும் எலும்பும் உரசுது" என்று கேட்டதும் பலர் காலை ஆட்டவே பயப்படுகிறார்கள். படத்தில் தெரிகிற தேய்மானமும் உணர்கிற வலியும் எப்போதும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. படம் மோசமாக இருந்தும் சந்தைக்கு நடந்து போய் வருகிறவர்கள் உண்டு. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அமுங்கி அமுங்கி விடும்போது உள்ளே இருக்கும் திரவத்தில் இருந்துதான் அதற்குச் சத்து போகிறது. காலை அசைக்காமல் வைத்திருந்தால் அதுவும் பட்டினி, தொடைத் தசையும் பட்டினி.

2. கையில் இருக்க வேண்டியவை

கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி ஒன்று. உட்காரும் பலகை தரையில் இருந்து 43 சென்டிமீட்டர், அதாவது 17 அங்குலம் இருந்தால் அளவெடுக்க வசதி. மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும், அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். இதில் விழப்போய்த் தப்பியவர்கள் எங்களிடமே இருவர்.

துணிப்பை ஒன்று, அதில் போட அரை கிலோ அரிசி, கணுக்காலோடு கட்ட ஒரு துண்டு. கடிகாரம். நோட்டு. காலுக்கு, பின்குதியைப் பிடித்து நிற்கும் சப்பாத்து. தோட்டத்துப் பழக்கத்தில் சிலர் அடிடாஸ் கம்போங் என்கிற ரப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வருவார்கள். வழுக்காது, நல்லதுதான். ஆனால் அடிப்பாகம் கட்டி ரப்பர், தார் ரோட்டில் அரை மணி நேரம் நடக்க அது போதாது. செலிப்பர் வேண்டவே வேண்டாம்.

3. தொடங்கும் முன் அளவெடுங்கள்

எல்லாரும் தாண்டிப் போகிற படி இதுதான். அளவு இல்லாவிட்டால் ஆறாவது வாரத்தில் "ஒண்ணும் மாறலியே" என்று விட்டுவிடுவீர்கள். மாறியிருக்கும், உங்களுக்கு நினைவிருக்காது.

முதல் அளவு: கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 வினாடியில் நாற்காலியில் இருந்து எத்தனை முறை முழுதாக எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். கையை ஊன்றினால் கணக்கு பூஜ்யம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வைத்திருக்கும் பட்டியலில், 65 முதல் 69 வயதுப் பெண்ணுக்கு 11க்குக் கீழும் ஆணுக்கு 12க்குக் கீழும் இருந்தால் சராசரிக்குக் குறைவு. 70 முதல் 74 வரை பெண்ணுக்கு அந்த எல்லை 10, ஆணுக்கு 12. என் அம்மாவின் முதல் எண்ணிக்கை 4. நாலாவதில் என்னை முறைத்தார்.

இரண்டாவது: 10 மீட்டர் தூரத்தை நாலு முறை, மொத்தம் 40 மீட்டர், ஓடாமல் வேகமாக நடக்க எத்தனை வினாடி ஆகிறது.

மூன்றாவது: வலிக்கு மதிப்பெண். 0 என்றால் வலி இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாது. காலையில் எழுந்ததும் ஒன்று, படி இறங்கும்போது ஒன்று.

கடைசியாக, எதைச் செய்ய முடியாமல் இருக்கிறீர்கள் என்று ஒரு வரி. "தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலுக்குப் போக வேண்டும்", "பேத்தியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டும்." ஒருவர் "பத்துமலை 272 படி" என்று எழுதினார். எழுதட்டும். அடுத்து எந்த வழியை எடுப்பது என்று முடிவு செய்ய அந்த வரியும் உதவும்.

4. எந்த வழி? ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள்

முட்டிக்கான பயிற்சியில் நமக்குத் தெரிய வேண்டியவை ஐந்து: தசைக்குப் பலம் கூட்டுவது, மூச்சு வாங்கும்படி நடப்பது அல்லது சைக்கிள் மிதிப்பது, முட்டி பக்கவாட்டில் சாயாமல் அசையப் பழக்குவது, தாய் சி (மெதுவாக அசைந்து செய்யும் சீனப் பயிற்சி), தண்ணீருக்குள் செய்வது. ஐந்துக்கும் ஆதாரம் இருக்கிறது. ஒன்றுக்கும் மற்றதற்கும் உள்ள வித்தியாசத்தை விட, செய்கிறவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வித்தியாசம்தான் பெரிது.

பலம் கூட்டுவது: தொடையின் முன்தசைதான் முட்டிக்கு அதிர்ச்சி தாங்கி. முட்டி வீங்கினால் அந்தத் தசை தானாகவே அடங்கிப்போகும், அடங்கினால் முட்டி மேலும் அடி வாங்கும். இந்தச் சுழலை அறுப்பதுதான் நோக்கம். "அதிக எடை தூக்கினால்தான் பலனா?" என்று கேட்பவர்களுக்கு: 2021இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஸ்டார்ட் ஆய்வில் 377 பேரை 18 மாதம் பார்த்தார்கள். கனமான எடை தூக்கியவர்களுக்கும் லேசான எடை தூக்கியவர்களுக்கும் முட்டி வலியில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆக, ஜிம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், அரிசிப் பை போதும். அதே ஆய்வில் எடையே தூக்காமல் வகுப்புக்கு மட்டும் வந்தவர்களோடு ஒப்பிட்டபோதும் வலியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. பலம் கூட்டினால் மட்டும் வலி பறந்துவிடும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. எழுந்து உட்கார, படி ஏற அது வேண்டும், அதற்காகத்தான்.

நடை, சைக்கிள்: 2025இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஒப்பீடு 217 ஆய்வுகளை, 15,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்தது. வலிக்கும் நடமாட்டத்துக்கும் இந்த வகைதான் முன்னால் நின்றது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு முதல் நாளே பாடாங்கை (ஊர்த் திடலை) சுற்றக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். அதற்கு நானே சாட்சி. சொந்தக்காரர்கள் "நடக்க விடு, நடக்க விடு" என்றார்கள் என்று அம்மாவை முதல் வாரமே பாடாங்கை ஐந்து சுற்று நடக்கவிட்டேன். மறுநாள் முட்டி தேங்காய் மாதிரி வீங்கியது. இரண்டு வாரம் போச்சு. நாற்காலியில் இருந்து நாலு முறைக்கு மேல் எழ முடியாத காலுக்கு ஐந்து சுற்று எதற்கு?

அசைவுப் பழக்கம்: டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய கிளாட் திட்டம் இந்த வகை. வாரம் 2 முறை, 6 வாரம், மொத்தம் 12 அமர்வு. முட்டி உள்பக்கம் சாயாமல் கால்விரலுக்கு நேரே போகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். படி இறங்கும்போது முட்டி "விட்டுப் போகுது" என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் பொருந்தும் என்பது என் அனுபவம்.

தாய் சி: 2016இல் வந்த ஓர் ஆய்வில் 204 பேர். தாய் சி செய்தவர்களும் ஃபிசியோ சிகிச்சை எடுத்தவர்களும் 12 வாரத்தில் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். காலையில் பாடாங்கில் சீனப் பெரியவர்கள் செய்கிறார்கள். நம்மவர்கள் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஓர் அக்கா மட்டும் போய்ச் சேர்ந்துகொண்டார். இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் விடவில்லை. தனியாகச் செய்யச் சோம்பல்படுகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டிய வழி இது.

தண்ணீர்: இடுப்பளவு நீரில் நின்றால் காலில் விழும் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். உடல் எடை அதிகம் உள்ளவர்களுக்கும் நிற்கவே வலிக்கிறவர்களுக்கும் நல்லது. நம் ஊரில் நீச்சல் குளம் எங்கே? ஈப்போவுக்கு வாரம் மூன்று முறை போய்வர முடிந்தால் சரி, முடியாவிட்டால் விட்டுவிடலாம்.

இனி தேர்வு. இது என் கணக்கு, ஃபிசியோ வேறு சொன்னால் அதையே கேளுங்கள். நாற்காலி எண்ணிக்கை 8க்குக் கீழே என்றால் பலம் முதலில், நடை வீட்டளவில். 8 அல்லது அதற்கு மேல் இருந்து, சந்தைக்குப் போய்வந்தால் களைப்பும் வலியும் என்றால் நடை முதலில், பலம் வாரம் இரண்டு நாள். எண்ணிக்கை நன்றாக இருந்தும் படியில் கால் தடுமாறினால் அசைவுப் பழக்கம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கலந்து செய்யாதீர்கள். 48 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வந்த ஓர் அலசலில், ஓர் அமர்வை ஒரு நோக்கத்துக்கு வைத்துக்கொண்டவர்களுக்கே பலன் கூடுதலாகத் தெரிந்தது. பத்து வகையைத் தொட்டால் ஒன்றிலும் அளவு எட்டாது.

5. வலிக்கு ஒரு வேலி

"வலிச்சா நிறுத்திடணுமா, பொறுத்துக்கணுமா?" இந்தக் கேள்வி வராத மாலையே இல்லை.

பயிற்சியின்போது மதிப்பெண் 0 முதல் 2 வரை என்றால் தாராளமாகச் செய்யலாம். 3 முதல் 5 வரை ஏறினாலும் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். 5ஐத் தாண்டினால், அல்லது மறுநாளும் இறங்காமல் இருந்தால், அந்தப் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். நிறுத்த வேண்டியதில்லை, குறைத்தால் போதும்.

இரண்டு வகையான ஆட்கள் இங்கே தவறுகிறார்கள். கொஞ்சம் வலித்ததும் ஒரு வாரம் படுத்துவிடுபவர்கள் ஒரு வகை. பெரட்டுக்கு (தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நேரத்தோடு போய்ப் பழகிய பெரியவர்கள் இன்னொரு வகை. வலியைச் சொல்லவே மாட்டார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு செய்வார்கள். அதனால் நான் இப்போதெல்லாம் "வலிக்குதா தாத்தா?" என்று கேட்பதில்லை, "எத்தனை மார்க்?" என்று கேட்கிறேன். எண்ணாகக் கேட்டால் சொல்லிவிடுகிறார்கள்.

முட்டியில் "கடக் கடக்" என்று சத்தம் வருவதற்கு மதிப்பெண் கிடையாது. வலி இல்லாத சத்தத்தைக் கண்டுகொள்ள வேண்டாம்.

6. முதல் இரண்டு வாரம்: தசையை எழுப்புவது

இனி வருவது பலத்தை முதலில் எடுத்தவர்களுக்கான வரிசை. படுத்துச் செய்பவை, உட்கார்ந்து செய்பவை மட்டும். முட்டியில் உடல் எடை இறங்காமல் தசையைப் பழக்குவதுதான் இந்த வாரங்களின் வேலை.

காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். துண்டைத் தரையோடு நசுக்குவது போல முட்டியை அழுத்தி 5 வரை எண்ணுங்கள். 10 முறை. தொடையில் கையை வைத்துப் பாருங்கள், தசை கல்லாக வேண்டும். ஆகாவிட்டால் இடுப்பால் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம்.

அப்புறம் படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றக் காலை நீட்டியபடி ஒரு சாண் உயரம் தூக்கி 5 எண்ணி இறக்குங்கள். தூக்குவதற்கு முன்னால் முட்டியை இறுக்குவது முக்கியம். இறுக்காமல் தூக்கினால் வேலை இடுப்பு மடிப்புக்குப் போய்விடும், முதுகு பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, நாற்காலியில் உட்கார்ந்து காலை மெதுவாக நீட்டுவது. முதல் வாரம் வெறுங்காலால், இரண்டாவது வாரம் அரை கிலோ அரிசிப் பையைக் கணுக்காலில் கட்டி. 10 முறை, 2 சுற்று.

இந்த மூன்றும் போதும். வாரம் 3 நாள், ஒன்று விட்டு ஒரு நாள். தசை வளர்வது ஓய்வு நாளில்தான். தினமும் செய்தால் சீக்கிரம் தேறும் என்று நினைப்பது இந்த வாரங்களில் நடக்கும் பொதுவான பிழை.

7. மூன்று முதல் ஆறாவது வாரம்: நாற்காலி

ஒரே ஒரு பயிற்சிதான் செய்வேன் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் அவரிடம் நாற்காலியைத்தான் கொடுப்பேன். சாப்பாட்டு மேசை, பேருந்து, கழிவறை, கோயில் தரை எல்லாவற்றிலும் வருகிற அசைவு இது.

நாற்காலியின் முன்பாதிக்கு வாருங்கள். பாதங்களை இடுப்பகலம் விரித்து, முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வையுங்கள். பாதம் முன்னால் நீட்டிக் கிடந்தால் எவ்வளவு முக்கினாலும் எழ முடியாது, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தவறுவது இங்கேதான். இனி மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனியுங்கள். பின்புறம் தானாகவே பலகையை விட்டுக் கிளம்புவதை உணர்வீர்கள். அந்த இடத்தில் மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள்.

உட்காரும்போது 3 வரை எண்ணி இறங்குங்கள். "தொப்"பென்று விழுந்தால் பாதிப் பயிற்சி போச்சு. இறங்கும்போது தாங்கிப் பிடிக்கிற தசைதான் படியில் இறங்கும்போதும் தாங்கப் போகிறது.

முட்டிகள் ஒன்றை ஒன்று பார்த்துச் சாய்கின்றனவா என்று கண்ணாடிக் கதவு முன்னால் செய்து பாருங்கள். முட்டி இரண்டாவது கால்விரலுக்கு நேரே போக வேண்டும். சாய்ந்தால் எடை முழுவதும் ஒரு பக்கக் குருத்தெலும்பில் விழும்.

எழவே முடியவில்லை என்றால் நாற்காலியை உயர்த்துங்கள். மடித்த கம்பளியோ பழைய பத்திரிகைக் கட்டோ நழுவாதபடி போட்டு, வாரத்துக்கு ஓர் அங்குலமாகக் குறையுங்கள். அம்மா மூன்று கம்பளியில் தொடங்கினார். ஐந்தாவது வாரம் கடைசிக் கம்பளியை அவரே எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

8 முறை, 2 சுற்று என்று தொடங்கி, 12 முறை, 3 சுற்றுக்குப் போங்கள். 12 எளிதானால் நெஞ்சோடு ஒரு கிலோ அரிசியை அணைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகாமல் பாரத்தைக் கூட்டினால்தான் தசைக்குப் புது வேலை.

நாற்காலி வரும்போது ஆறாம் பகுதியில் இருக்கும் துண்டு அழுத்துவதை விட்டுவிடலாம். குந்தி உட்கார்வதை இன்னும் தொடாதீர்கள். வாழ்நாள் முழுக்க மங்குக்கு (பால் வடியும் கிண்ணத்துக்கு) குந்திய முட்டி அது, இப்போதைக்கு லீவு கொடுங்கள். குந்தும் கழிவறைதான் இருக்கிறது என்றால் மேலே வைக்கும் இருக்கை ஒன்று வாங்கிவிடுங்கள்.

8. ஏழு முதல் பன்னிரண்டாவது வாரம்: படியும் நடையும்

வீட்டு வாசற்படி, கைப்பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அல்லது சுவர். வலிக்கும் காலை மேலே வைத்து ஏறி, அதே காலில் நின்றபடி மற்றக் காலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். 8 முறை. கீழ்க்காலால் உந்தித் தள்ளினால் ஏமாற்று வேலை. இது பயிற்சிக்கான முறை. அன்றாடம் படி ஏறும்போது நல்ல கால் முதலில் மேலே, இறங்கும்போது வலிக்கும் கால் முதலில் கீழே. இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

நடையை நிமிடத்தால் அளங்கள், சுற்றால் வேண்டாம். 10 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு 2, 3 நிமிடம் கூட்டினால் போகப்போக 30 வந்துவிடும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகம் அவ்வளவுதான். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, உடனே எட்டத் தேவையில்லை. காலையில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு சமதரையாகப் பாருங்கள். தோட்டத்துச் செம்மண் பாதை மழைக்குப் பிறகு வேண்டாம்.

கைத்தடி வைத்திருப்பவர்கள் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். அநேகமாக எல்லாரும் மாற்றித்தான் பிடிக்கிறார்கள்.

சைக்கிள் என்றால் இருக்கையை உயர்த்துங்கள். மிதி அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கி இருக்க வேண்டும். பேரனின் சைக்கிளில் முட்டி நெஞ்சில் இடிக்க மிதித்தால் முட்டிச் சில்லுக்கு அடியில் அழுத்தம் ஏறி, இருக்கிற வலி இரண்டாகும்.

உடல் எடை பற்றி ஒரே ஒரு கணக்கு: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் எட்டிலும் முட்டியில் விழும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது என்று 2005இல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது. ஒரு நாளைக்கு நாலு தே தாரிக் (இனிப்பான பால் தேநீர்) குடிப்பவர் இரண்டாக்கினாலே ஒரு தொடக்கம்தான்.

9. வீங்கிவிட்டால், மறுபடி அளவெடுக்கும்போது

நடுவில் ஒரு முறையாவது முட்டி வீங்கும். கல்யாண வீட்டில் நாள் முழுக்க நின்றிருப்பீர்கள், அல்லது பக்கத்து வீட்டுக்காரர் தைலம் போட்டு அழுத்தித் தேய்த்திருப்பார். இரண்டு மூன்று நாள் எடையையும் படியையும் விட்டு, ஆறாம் பகுதியில் உள்ள மூன்றையும் அரிசிப் பை கட்டாமல் செய்யுங்கள். வீக்கம் இறங்கியதும் விட்ட இடத்துக்கு ஒரு வாரம் பின்னால் இருந்து தொடங்குங்கள். முதல் நாளுக்கே திரும்பிப் போக வேண்டியதில்லை.

12வது வாரம் முடிந்ததும் அதே நாற்காலி, அதே சப்பாத்து, அதே நேரத்தில் மூன்றாம் பகுதியில் எடுத்த அளவுகளை மறுபடி எடுங்கள். மாலையில் எடுத்ததைக் காலையில் எடுத்ததோடு ஒப்பிட்டால் கணக்கு பிசகும், காலையில் முட்டி விறைத்திருக்கும். அம்மாவின் 4 அப்போது 9 ஆனது. வலி காலையில் 6இல் இருந்து 3. பூஜ்யம் ஆகவில்லை, ஆகும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை.

எண்ணிக்கை ஏறியிருந்தால் வாரம் 2 நாள் பலம், மீதி நாள் நடை என்று தொடருங்கள். நிறுத்தினால் சில மாதத்தில் தசை இறங்கிவிடும். எண்ணிக்கை ஏறி வலி மட்டும் அப்படியே இருந்தால் வழியை மாற்றுங்கள், பலத்தில் இருந்தவர் தாய் சிக்கோ சைக்கிளுக்கோ போகலாம். எதுவுமே அசையவில்லை என்றால் நோட்டை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். எந்த வாரம் எத்தனை முறை, எத்தனை மார்க் என்று அதில் இருந்தால், ஊசியா அறுவையா என்கிற பேச்சை மருத்துவர் அந்தப் பக்கங்களில் இருந்தே தொடங்க முடியும்.